கர்னல் பெட்டோமும் மலைச்சாரலின் பாம்புகளும்

பாம்புகளை எண்ணியும் பெயரிட்டும் ஓர் உத்தியோகஸ்தர் காலங்கழிப்பதால் உழுகிறவனுக்கு என்ன லாபம் என்று கேட்கும் மிராசுதாரர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. அதற்குத் தக்க விடை தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் ஆகிய ஊர்களுக்கு மேற்கேயுள்ள மலைகளிலேயே கிடைக்கிறது.

ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம் 1830இல் இங்கிலாந்தில் பிறந்து, 1848இல் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தவர். 1857இல் கிளெகார்ன் துரைக்கு உதவியாளராக வன இலாகாவுக்கு வந்து, 1860 முதல் 1882 வரை அதன் தலைமைப் பதவியை வகித்தார். தேக்கும் வேங்கையும் பற்றிக் கணக்குக் கொடுப்பதே அவருக்குச் சம்பளம் தந்த வேலை. தென்னிந்திய மரங்களைப் பற்றி அவர் 1869 முதல் 1873 வரை வெளியிட்ட சித்திர நூல் இன்றும் மதிக்கப்படுகிறது. அவ்வேலையின் நடுவே கல்லையும் கட்டையையும் புரட்டி, பாம்பு, பல்லி, தவளை முதலியவற்றைச் சேர்த்து, பலவற்றுக்கு முதன்முதலாகப் பெயரிட்டார். 1911இல் காலமானார்.

அவர் மிகுதியும் கவனித்தவை மண்ணுக்குள் வாழும் கேடயவாலிப் பாம்புகள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அன்றி உலகில் வேறெங்கும் இவை இல்லை. மூக்கு கூராக இருக்கும். வாலோ பலவற்றில் சாய்வாக வெட்டினாற்போல் முடிந்து, சொரசொரப்பான செதிள்களில் மண் ஒட்டிக்கொண்டிருக்கும். வாலைத் தலையென்று எண்ணி ஏமாறுவோர் பலர். மண்புழுவே இவற்றின் ஆகாரம், விஷம் சிறிதுமில்லை. இருந்தும் தோட்டத்து மண்வெட்டிக்கு இரையாகின்றன.

சாலமாண்டர் என்னும் வாலுள்ள நீர்நில வாழ்வன தென்னாட்டில் இல்லை. டார்ஜிலிங் போன்ற வடகிழக்கு மலைகளிலேயே இருக்கின்றன. நமக்கு வாய்த்திருப்பது அவற்றுக்கு உறவான, காலில்லாத வேறோர் இனம். உடல் மண்புழுப்போல வளையங்களாய் இருக்கும், தோல் வழுவழுப்பானது, கண் மிகச் சிறியது, சிலவற்றில் புலப்படவே புலப்படாது. புழுவென்று சொல்லவும் முடியாது, வாயில் பல் உண்டு. ஈரமான எருக்குழியின் அடியிலும் பாக்குத் தோப்பிலும் அகப்படும். இவ்வினத்துள் சிலவற்றில் தாய் தன் முட்டைகளைச் சுற்றி வளைந்து காவலிருக்கும். பெட்டோம் 1870இலேயே இவற்றுட் சிலவற்றை வருணித்தார். செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பாலுள்ள தென்மலைக் காட்டிலிருந்து கிடைத்த ஒன்றுக்கு, பாம்புகளையும் சாலமாண்டர்களையும் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் டெய்லர், நம் நாட்டு விலங்கியல் அறிஞர் எல். எஸ். ராமசாமியின் பெயரை 1964இல் சூட்டினார்.

இவ்வளவும் வெறும் பெயர்ப் பட்டியல்தானே எனலாம். அப்படியன்று. 1862இல் பெட்டோம் வருணித்த பெருஞ்செதிள் குழிவிரியன் என்னும் பச்சைப் பாம்பு, மலைத் தோட்டங்களில் தேயிலைச் செடியிலும் ஏலத் தோட்டத்திலும் சுருண்டிருப்பது. நம் ஆஸ்பத்திரிகளில் உள்ள விஷமுறிவு மருந்தோ நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் விஷத்துக்கே செய்யப்பட்டது. குழிவிரியன் கடித்தவனுக்கு அது பலன் தராது. வைத்தியர் வேறு முறையில் காக்கவேண்டும். கடித்தது எது என்பதை அறிவது எவ்வளவு முக்கியம் என்று இதனால் விளங்கும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டவர் ஏறக்குறைய 12 லட்சம் என்று மதிப்பிட்டுள்ளனர். அவர்களுட் பெரும்பாலோர் கிராமவாசிகள். தமிழ்நாட்டு அரசாங்கம் 2024இல் பாம்புக்கடியைக் கட்டாயமாக அறிவிக்கவேண்டிய நோயாக்கியது மிகவும் காலதாமதமான, ஆயினும் சரியான காரியம்.

பெட்டோமிடம் ஒரு குறையும் உண்டு. பல பிராணிகளுக்கு இடம் குறிக்கையில் "திருநெல்வேலி மலைகள்" என்றளவில் நிறுத்திவிட்டார். பாபநாசத்துக்கு மேலா, குற்றாலத்துக்கு மேலா என்று அறிய முடியாமல் பின்வந்தோர் அல்லல்பட்டனர். இக்குறையைத் தீர்க்க வல்லவர்கள் சாஸ்திரிகளைவிடக் கிராமத்தாரே. எந்த வாய்க்கால், எந்தத் தோப்பு, எந்த மாதம் என்பதை அவர்களைவிட யார் அறிவார்?

ஆகையால் சாரையைக் கொல்லலாகாது. அது எலியைத் தின்று நெல்லைக் காப்பது. அதைக் கொல்வது 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும். எருக்குழி வெட்டும்போது வழுவழுப்பான வளைய உடல் ஒன்று தென்பட்டால், ஆளை நிறுத்தி, படம் எடுத்து, ஈரமண்ணால் மூடிவிட்டு, ஊர், தேதி, இடம் ஆகியவற்றை வன இலாகாவுக்கு எழுதியனுப்பலாம். கடிபட்டவரைக் கீறாமலும் இறுகக் கட்டாமலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவேண்டும். பாம்பைப் பிடித்துவரப் போய் இரண்டாவது ஆளும் கடிபடலாகாது. சாரல் காலமாகிய ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் இரவில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும் ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு டார்ச்சு விளக்கும் முழங்கால்வரை மூடும் ரப்பர் பூட்ஸும் வாங்கிக் கொடுப்பது மிராசுதாரரின் செலவாகவே இருக்கவேண்டும்.