பிரதியும் கடனும்

வீடியோ கேம்களைக் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளும் பையன்களைப் பற்றி நம் எழுத்தாள நண்பர்களிடையே இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒன்று அவர்களைத் திருடர்கள் என்கிறது. மற்றது அவர்களை முதலாளித்துவத்தின் கோட்டையில் துளை போடும் கலகக்காரர்கள் என்று முதுகில் தட்டுகிறது. முதல் கட்சிக்குச் சட்டப் புத்தகமே சிந்தனை. இரண்டாவதற்குத் தன் சௌகரியமே தத்துவம். இரண்டையும் விசாரிக்க சேரங்கோட்டைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்று எனக்குப் படுகிறது.

முதலில் திருட்டு வாதம். ஒருத்தி பறித்து வைத்த கொழுந்து மூட்டையை ஒருவன் தூக்கிக்கொண்டு போனால் அவளிடம் மூட்டை இல்லை. அன்றைய எடையும் இல்லை. ஒரு விளையாட்டைப் பிரதியெடுத்தால் மூலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மூட்டையைவிட விதைதான் இதற்குச் சரியான உவமை. விதைக் கடத்தலைப் பற்றி நீலகிரிக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1848இல் ராபர்ட் ஃபார்ச்சூன் சீன உடை தரித்து உள்நாட்டுக்குள் புகுந்து, கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தேயிலைச் செடிகளையும் விதைகளையும் இமயச் சாரலுக்கு அனுப்பினார். 1860-61இல், கிளெமென்ட்ஸ் மார்க்கம் பொறுப்பேற்ற முயற்சியில், ஆண்டீஸ் மலைகளிலிருந்து சிங்கோனா நீலகிரிக்கு வந்தது; தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசாங்கத் தோட்டமாயிற்று. மார்க்கம் பிற்காலத்தில் சர் பட்டம் பெற்றார். 2004இல் தமிழ்நாடு அரசு குண்டர் தடுப்புச் சட்டத்தை வீடியோ பிரதி விற்பவர்கள் மீதும் நீட்டியது. நடைபாதையில் சி.டி. விற்றவனை விசாரணையின்றி ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். பேரரசு பிரதியெடுத்தால் அது தாவரவியல். பிளாட்பாரத்துக்காரன் எடுத்தால் குண்டர் சட்டம்.

சட்டம்கூட நம் ஒழுக்கவாதிகளைவிடக் கொஞ்சம் நிதானமாகத்தான் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துபவனுக்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது; ஆனால் ஆதாயத்துக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்தவில்லையென்றால் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதிக்காமல் விடலாம் என்றும் சொல்கிறது. சட்டம் செய்கிற இந்தப் பாகுபாட்டை இலக்கியவாதி செய்ய மறுப்பது விநோதம்.

சேரங்கோட்டுப் பையன் யார்? 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம், பிறகு டான்டீ என்ற கழகமாயிற்று. சேரங்கோடு அதன் கோட்டங்களில் ஒன்று. அங்கே லைன் வீடுகளில் பிறந்த மூன்றாம் தலைமுறை இவன். 2011 முதல் அரசுப் பள்ளிகளில் கொடுக்கப்பட்ட இலவச மடிக்கணினிதான் இவனைப் போன்ற பலருக்கு வீட்டின் முதல் கணினி. அதற்குள் பென்டிரைவ் மூலம் ‘வைஸ் சிட்டி’யும் ‘ஐ.ஜி.ஐ.’யும் வந்து சேர்ந்தன, தமிழ்நாடு முழுவதும் வந்து சேர்ந்ததைப் போல. அவன் கொடுக்கக்கூடிய விலைக்கு அவற்றை விற்ற கடை பந்தலூர் பஜாரில் எங்கே இருந்தது? இன்றும் ஒரு பெரிய பிளேஸ்டேஷன் விளையாட்டின் விலை ஐயாயிரம் ரூபாயைத் தொடுகிறது. அது அவன் தாயாருக்கு ஏறக்குறைய பத்து நாள் கூலி. அவன் பிரதியெடுத்ததால் கம்பெனிக்கு ஒரு விற்பனை நஷ்டம் என்று கணக்குக் காட்டுவது கணக்கு அல்ல, கற்பனை. இணைய விற்பனையில் பழுத்த வால்வ் கம்பெனியின் கேப் நியூவெல்லே, இந்தத் திருட்டு பெரும்பாலும் விலையின் பிரச்சினை அல்ல, சேவையின் பிரச்சினை என்று 2011இல் சொல்லிவிட்டார்.

ஆகவே கலகக் கட்சி ஜெயித்துவிட்டது என்று யாரும் கைதட்ட வேண்டாம். பிரதியெடுப்பதால் பெரிய கம்பெனிகள் வீழ்ந்தனவா? அவை விளையாட்டையே இலவசமாக்கிவிட்டன. ‘ஃப்ரீ ஃபயர்’ இலவசம். அதற்குள் இருக்கும் வைரமும் உடையும் துப்பாக்கித் தோலும் காசு. முன்பு திருடியவன் இன்று நேர்மையானவன். அம்மாவின் கைப்பேசியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கட்டுகிறான். ‘பப்ஜி’யை 2020இலும் ‘ஃப்ரீ ஃபய’ரை 2022இலும் அரசு தடைசெய்தது இந்தச் சுரண்டலுக்காக அல்ல, தேசப் பாதுகாப்பின் பெயரில். போகட்டும், காசு கொடுத்து வாங்கியவனாவது உடைமையாளனா? 2014இல் யுபிசாஃப்ட் விற்ற ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டின் இயக்கத்தை அந்தக் கம்பெனியே 2024 மார்ச்சில் நிறுத்தியது. முழு விலை கொடுத்தவர்களும் அதை ஆட முடியாமல் போயிற்று. விற்ற பொருளைத் திரும்பப் பிடுங்கிக்கொள்வதற்கு நம் ஒழுக்கவாதிகளின் அகராதியில் என்ன சொல் இருக்கிறது?

இதுவரை சொன்னதெல்லாம் பெரிய கம்பெனிக்கும் ஏழைப் பையனுக்கும் நடுவே நடப்பது. அதை இரவல் வாங்கிக்கொண்டு வேறொருவர் ஒளிந்துகொள்கிறார். எனக்கு ஆட்சேபம் அவரிடம்தான்.

2023இல் டொராண்டோவிலிருந்து விசை கேம்ஸ் என்ற சிறு குழு ஒரு விளையாட்டை வெளியிட்டது. பெயர் ‘வெண்பா’. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்ப் பெண். அவளுடைய தாயாரின் கிழிந்த சமையல் குறிப்பேடு. எழுத்தழிந்த இடங்களை யூகித்து இட்லி அவிக்க வேண்டும். மொழியை விட்டு நழுவும் மகன். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் சிறிய சிருஷ்டி. 2024இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருது அதற்குக் கிடைத்தது. யாப்பின் பெயரை ஒரு விளையாட்டுக்கு வைக்கும் துணிச்சல் நம் கவிதைக் குழுக்களுக்கு வெளியே பிறந்திருக்கிறது. இதைப் பற்றி நம் வட்டத்தில் கேட்கப்படும் முதல் கேள்வி என்ன? “லிங்க் இருக்கா?” கேட்பவர் லைன் வீட்டுப் பையன் அல்லர். மாதச் சம்பளம், இரண்டு கைப்பேசி, வாரம் ஒருமுறை ஓட்டலில் காப்பி என்று வாழ்கிற மனிதர். அவருக்கு அதன் விலை ஒரு மாலைச் செலவு. விசைக்கோ, அப்படி ஆயிரம் பேர் கொடுப்பதும் கொடுக்காததும்தான் அடுத்த விளையாட்டு உண்டா இல்லையா என்பது.

2023இல் நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகள் பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்தக் கோரிக்கைக்குக் கையெழுத்துப் போட நம்மில் யாரும் தயங்கமாட்டோம். உழைப்புக்கு விலை வேண்டும் என்பது தேயிலையில் நியாயம், படம் வரைவதிலும் நிரல் எழுதுவதிலும் மட்டும் வியாபாரப் புத்தி என்றால், நாம் உழைப்பை மதிக்கவில்லை. கறை படிந்த கையை மட்டும் மதிக்கிறோம். அது அனுதாபம். அனுதாபத்துக்குச் செலவில்லை.

அச்சில் இல்லாத புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கைமாற்றிய பரம்பரை நம்முடையது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கைவிடப்பட்ட சிருஷ்டியைப் பிரதியெடுப்பது அதைக் காப்பாற்றுவது. கைவிடப்பட்ட பழைய விளையாட்டுக்கும் இதே நியாயம்தான். வாங்க வழியில்லாதவன் எடுத்துக்கொண்டால் அது கடன். கை வசப்படும் நாளில் தீர்க்கலாம், இன்னொருவனுக்குக் கொடுத்தும் தீர்க்கலாம். ஆனால் செய்தவர் உயிரோடு இருக்கிறார், சிறியவர், பொருள் கடையில் இருக்கிறது, நம்மிடம் காசும் இருக்கிறது என்ற நிலையில் இலவசமாக எடுத்துக்கொண்டு அதற்கு மார்க்ஸைச் சாட்சிக்கு அழைப்பவருக்கு சேரங்கோட்டுப் பையனின் வறுமையில் பங்கு கேட்க எந்த உரிமையும் இல்லை. முந்நூறு பிரதி அச்சடித்து இருநூறு சந்தா பாக்கியில் நடக்கிற பத்திரிகைகளைப் படிக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.