பயிற்சி ஊருக்கு வரட்டும்

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது எனக்கு வயது 19. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தவள் தொண்டராகச் சேர்ந்தேன். அ, ஆ சொல்லிக்கொடுக்கத்தான் போகிறோம் என்று நினைத்தேன். பயிற்சியில் முதலில் சொன்னது வேறு: யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் எல்லாத் தெருக்காரர்களும் தயங்காமல் வருவார்கள் என்று பார்த்துவிட்டு வா. அந்தத் திண்ணையைத் தேட எனக்கு ஒன்பது நாள் ஆனது.

அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்வதையும் அறிவொளியோடு சேர்த்தார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள் பெண்கள். குவாரியில் கல் உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்தார்கள். அதே காலத்தில் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில், எழுத்துக் கற்க வந்த பெண்கள் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அங்கே மூண்ட போராட்டம் மாநிலம் முழுக்கப் பரவி, 1993-இல் அரசு சாராயத்தைத் தடைசெய்தது. ஊருக்கு ஒருவரைப் பொறுக்கியெடுத்துத் தலைவராக்கியிருந்தால் இவை நடந்திருக்காது. இருபது, முப்பது பேர் ஒன்றாக உட்கார்ந்து கற்றார்கள். அதனால் ஒன்றாக எழுந்தார்கள்.

இன்று உள்ளாட்சிப் பயிற்சி என்றால் பதவியில் இருப்பவருக்குத்தான். அது தேவையில்லை என்று சொல்லமாட்டேன். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று 2016-இல் சட்டம் வந்த பிறகு, கூட்டத்தில் வாய் திறந்தே பழகாத பெண்கள் நாற்காலிக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி பெரிய துணை. ஆனால் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்கள், உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. பதவிக்கென்று கொடுத்த பயிற்சி பதவியோடு வீட்டுக்குப் போய்விட்டது. ஊரில் மிச்சம் என்ன?

எங்கள் ஊரில் ஒரு சிறு குழு மிச்சம் இருக்கிறது. 2023 மே தின கிராம சபைக்கு இரண்டு வாரம் முன்பு நூலக வராந்தாவில் பாய் விரித்தோம். மேலத்தெருவும் கீழத்தெருவும் கலந்து பதினோரு பேர். முந்தைய சபையில் ஃப்ளெக்ஸில் வைத்திருந்த படிவம் 30, அதாவது ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு, செல்போனில் படமாக இருந்தது. அதை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு ஒவ்வொரு வரியாக வாசித்தோம். செலவில் மோட்டார் பழுது நீக்கம் மூன்று இடத்தில் இருந்தது. ஒன்று ஜூலை மாதத்துக்கானது.

நூறு நாள் வேலைக்குப் போகும் கீழத்தெரு அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஆடியில காப்புக் கட்டுனதிலேர்ந்து முளைப்பாரி எடுக்கிற வரைக்கும் எங்க குழாய்ல சொட்டுத் தண்ணி இல்ல. ஆனா மோட்டார் ஓடுற சத்தம் கேட்டுச்சே!” மேலத்தெருவில் தண்ணீர் குறையவே இல்லை, அவர்களுக்கு இது புதுச் செய்தி. அங்கிருந்து வந்த ஓய்வுபெற்ற வயர்மேன் அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்போ கோளாறு மோட்டார்ல இல்லம்மா. எங்க தெரு முக்குல கேட் வால்வு முழுசாத் திறந்தே கெடக்கு. தண்ணி உங்களுக்கு ஏறாது.” ஒரே ஊரில் முப்பது வருடம் வாழ்ந்த இரண்டு பேர் தண்ணீரைப் பற்றி அன்றுதான் முதன்முறையாகப் பேசிக்கொண்டார்கள்.

சபையில் அந்தக் கோரிக்கையை எழுப்பியவர் அண்ணன். கீழத்தெருவுக்குத் தண்ணீர் வேண்டும் என்று மேலத்தெருக்காரர் கேட்டபோது, சபையைப் பார்வையிட வந்த அலுவலரான பற்றாளர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தார். தீர்மானம் பதிவானது. இப்போது வால்வை முறை வைத்துத் திறக்கிறார்கள்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். கட்சிப் பேச்சு வந்து முதல் கூட்டத்திலேயே இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஒருவர் மறுபடி வந்தார்.

அரசிடம் நான் கேட்பது இதுதான். ஊராட்சிக்கு இருபது பேருக்குப் பயிற்சி கொடுங்கள். எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் இருக்கட்டும், பாதிக்கு மேல் பெண்கள் இருக்கட்டும். சென்னைப் பக்கம் அழைத்துப்போய் இரண்டு நாளில் அனுப்பிவிடாதீர்கள். மாலை ஏழு மணிக்கு, சொந்த ஊரில், சொந்த ஊராட்சியின் கணக்கை வைத்து நடத்துங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு மாலை போதும். கூட்டம் சேர வேண்டும் என்பதற்காக வேலைத்தளத்திலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து கையெழுத்து வாங்குவது அப்புறம் தேவைப்படாது.

அடுத்த சபைக்கான எங்கள் கூட்டம் ஞாயிறு மாலை. செலவுப் பக்கத்தைத் தானே வாசிப்பதாக அந்தக் கீழத்தெரு அக்கா சொல்லியிருக்கிறார். அவருக்கு எண்கள் தெரியும், எழுத்து இன்னும் கூடவில்லை. ராத்திரிதோறும் எட்டாவது படிக்கும் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து தலைப்புகளைச் சொல்லிக்கொடுக்கிறாள்.