விரல் மடங்க வேண்டும்: மேனாம்பேடு தொழிலாளர் குடும்பங்களின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை, தொழிலாளர் நலத் துறை, ஈ.எஸ்.ஐ. கழகம் ஆகியவற்றுக்கு, சென்னை அம்பத்தூரின் மேனாம்பேட்டில் வாழும் தொழிலாளர் குடும்பங்கள் முன்வைப்பது:

1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது முதல் எங்கள் வீடுகள் ஷிஃப்ட் நேரத்துக்குத்தான் எழுகின்றன. பவர் பிரஸ்ஸில் கை சிக்கினால் புறங்கைத் தோல் உரிந்து, தசைநாணும் எலும்பும் வெளியே தெரியும். அந்த இடத்தில் தொடையிலிருந்து சீவியெடுத்த தோலை ஒட்டினால் பிடிக்காது. இரத்த ஓட்டத்தோடு வரும் தோல் வேண்டும்.

1972-இல் அறுவை மருத்துவர்கள் மெக்ரிகரும் ஜாக்சனும் கவட்டுத் தோலை அதன் தமனியோடு தூக்கிக் கொடுக்கும் முறையை வெளியிட்டார்கள். காயம்பட்ட கையைக் கவட்டோரம் வைத்துத் தைத்து, ஏறத்தாழ மூன்று வாரம் கழித்துப் பிரிப்பார்கள். நுண்ணோக்கி தேவையில்லை. தோல் எடுத்த இடத்துத் தழும்பும் உடைக்குள் மறைந்துவிடும். ஆனால் அந்தத் தோலோடு கொழுப்பும் வருகிறது. புறங்கையில் அது பொம்மென்று நின்றால் விரல் மடங்காது, கையுறை ஏறாது, ஸ்பேனர் பிடிக்க வராது. புண் ஆறிவிட்டது என்று டிஸ்சார்ஜ் சீட்டு சொல்லும். கை வேலைக்கு உதவாது.

ஆகவே கொழுப்பைக் குறைத்து மெல்லிய தோலாக வைப்பதையும், சில மாதம் கழித்து மிச்சக் கொழுப்பை எடுப்பதையும் அழகுக்கான சிகிச்சை என்று ஒதுக்கக் கூடாது. காப்பீடு இதை முழுமையாக ஏற்க வேண்டும். இதுவே எங்கள் தலையாய கோரிக்கை.

ஜப்பானின் அறுவை மருத்துவர் கொஷிமா 2004-இல் விளக்கிய முறையில், இதே கவட்டிலிருந்து இன்னும் மெல்லிய தோலை எடுத்து நேரே கைக்கோ காலுக்கோ பொருத்தலாம். கையை இடுப்போடு கட்டிவைக்க வேண்டியதில்லை. அதற்கு நுண்ணோக்கியும், மில்லிமீட்டருக்கும் குறைந்த குழாய்களைத் தைக்கும் பயிற்சியும் வேண்டும். அந்தத் திறமை நம்மிடம் இருக்கிறது. டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவைப் பிரிவை வளர்த்த ஸ்டான்லி மருத்துவமனையில்தான் 2018-இல் கை மாற்று அறுவையே நடந்தது. ஆனால் இரத்தம் வடிய பாடி, வில்லிவாக்கம், பெரம்பூர் நெரிசலைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டியிருக்கிறது. அம்பத்தூர் வட்டாரத்திலேயே இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் கை அறுவைப் பிரிவு வேண்டும்.

கை இடுப்போடு தைக்கப்பட்டிருக்கும் வாரங்களில் சாப்பிட, குளிக்க, கழிப்பறை போக ஆள் துணை தேவை. உடனிருப்பவருக்கும் அன்றாடக் கூலி போகிறது. தொழிலாளிக்குக் கிடைக்கும் 90 சதவீத ஊதியப் பலனோடு துணையாளுக்கும் படி கொடுங்கள். ஒப்பந்தத் தொழிலாளியின் ஈ.எஸ்.ஐ. பதிவு, அவர் வேலையில் சேரும் நாளிலேயே நடக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு அல்ல.

கை பிரித்ததும் தோளும் முழங்கையும் இறுகியிருக்கும். பிசியோதெரபி வீட்டருகே, வேலை நேரத்துக்குப் பின்னும் கிடைக்க வேண்டும். கட்டைவிரல் போனால் ஈட்டும் திறனில் 30 சதவீத இழப்பு என்கிறது இழப்பீட்டு அட்டவணை. விரல் இருந்தும் மடங்காதவருக்கு எல்லாம் மருத்துவக் குழுவின் கையில்தான். அந்த மதிப்பீடு கடைசி அறுவையும் பயிற்சியும் முடிந்த பிறகே நடக்க வேண்டும். குழுவில் கை அறுவை வல்லுநர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

இந்த அறுவையே தேவைப்படாத நிலைதான் எல்லாவற்றுக்கும் மேல். இரு கைப் பொத்தானோ சென்சாரோ இல்லாமல், அல்லது அவற்றைக் கழற்றிவிட்டு ஓடும் பிரஸ் எதுவானாலும், ஆய்வாளர் கண்ட அன்றே அதை நிறுத்தி சீல் வைக்க வேண்டும்.