வலுவற்ற வீரனை வளர்ப்பது எப்படி? – பிள்ளைகளின் விளையாட்டு பெற்றோருக்குச் சொல்லும் பாடம்

ஐக்கிய அரபு அமீரகத்தின் ஏழு அமீரகங்களுள் பரப்பளவில் மிகச் சிறியது அஜ்மான். துபாயிலும் சார்ஜாவிலும் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்கள் பல, வீட்டு வாடகையைக் கருதி இங்கே குடியிருக்கின்றன. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அரசே தடை விதிக்கும் அளவுக்கு இங்கே கோடை கொடியது. கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்ல இயலாத பிள்ளைகள் அடுக்குமாடி வீட்டின் நான்கு சுவர்களுக்குள் அடைபட்டிருக்கின்றனர். அவர்களுக்குத் துணை, கையடக்க விளையாட்டுக் கருவி. "எப்போது பார்த்தாலும் கேம்தானா?" என்ற கண்டிப்பு நுவைமியாவிலும் ராஷிதியாவிலும் தமிழ் பேசும் வீடுகளில் நாள்தோறும் எழுகிறது.

அந்தக் கண்டிப்பில் நியாயம் உண்டு. ஆனால் பிள்ளை என்ன விளையாடுகிறது என்று அருகில் அமர்ந்து பார்த்த பெற்றோர் எத்தனை பேர்? சுட்டுத்தள்ளும் விளையாட்டுகள் மட்டுமே கணினி விளையாட்டுகள் என்று எண்ணுவது தவறு. சதுரங்கத்தைப் போலக் கட்டங்களில் காய்களை நகர்த்தி, ஒவ்வொரு காய்க்கும் ஒரு பெயரும் கதையும் வளர்ச்சியும் தந்து ஆடப்படும் உத்திப் போர் விளையாட்டுகளும் உண்டு. அவற்றுள் புகழ்பெற்றது 'ஃபயர் எம்பிளம்'. நிண்டெண்டோ நிறுவனம் 1990இல் ஜப்பானில் வெளியிட்ட இத்தொடர், 2003இல்தான் ஜப்பானுக்கு வெளியே வந்தது. இன்று உலகெங்கும் இளையோர் ஆடும் தொடர்களுள் அதுவும் ஒன்று.

இந்த விளையாட்டின் மையத்தில் உள்ள ஒரு கேள்வி, புலம்பெயர்ந்த ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்தின் கேள்வியுமாகும்: இன்று வலுவற்றிருக்கும் ஒருவனை ஒதுக்குவதா, வளர்ப்பதா?

தலையில் பானை, கையில் ஈட்டி

2012இல் ஜப்பானிலும் 2013இல் பிற நாடுகளிலும் வெளிவந்த 'ஃபயர் எம்பிளம் அவேக்கனிங்' என்னும் பகுதியில் டானல் என்றொரு சிற்றூர்ச் சிறுவன் வருகிறான். கொள்ளையர் அவனுடைய ஊர் மக்களைப் பிடித்துச் சென்றுவிட, உதவி கேட்டு ஓடிவருகிறான். தலைக்கவசம் இல்லாததால் சமையல் பானையைக் கவிழ்த்திருக்கிறான். படையில் மற்றவர்கள் குதிரை வீரர்கள், மந்திரவாதிகள், வாள்வீரர்கள். இவனோ வெறும் 'கிராமத்தான்'. முதல் நிலை, ஈட்டி ஒன்றைத் தவிர வேறு ஆயுதம் எடுக்கத் தெரியாது. இரண்டு அடி விழுந்தால் சாய்ந்துவிடுவான்.

அவனைப் படையில் சேர்ப்பதற்கு விளையாட்டு விதிக்கும் நிபந்தனை கவனிக்கத்தக்கது. அவன் உயிர் பிழைத்தால் மட்டும் போதாது. அந்த ஒரே போருக்குள் குறைந்தது ஒரு நிலையாவது உயர்ந்திருக்க வேண்டும். அதாவது, ஆடுபவர் அவனுக்கு வாய்ப்பளித்து, காத்து, வளர்த்துக் காட்டினால்தான் அவன் உடன் வருவான்.

அவனிடம் மறைந்திருக்கும் செல்வம் ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை நிலை உயரும்போதும் அவனுடைய ஆற்றல்கள் கூடுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு இருபது புள்ளிகள் மிகுதி. வலிமை கூடும் வாய்ப்பு 50 விழுக்காடு கொண்ட ஒரு வீரன் பத்து நிலைகளில் சராசரியாக 5 புள்ளிகள் பெறுவான். அந்த வாய்ப்பு 70 விழுக்காடானால் 7 புள்ளிகள் கிட்டும். முதல் நாளில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. இருபது நிலைகள் கடந்தபின், பானையைக் கவிழ்த்து வந்த சிறுவன் படையின் முன்னணி வீரர்களுள் ஒருவனாக நிற்கக் கூடும்.

ஒரு மனிதனைப் பற்றி இரண்டு எண்கள் உண்டு: இன்றைய நிலை ஒன்று, வளரும் வேகம் மற்றொன்று. பள்ளி தரும் மதிப்பெண் பட்டியலில் முதல் எண் மட்டுமே அச்சிடப்படுகிறது. பெற்றோர் அந்த ஓர் எண்ணைக் கொண்டே பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானித்துவிடுகின்றனர்.

தாமதமாக வந்து சேர்ந்தவர்கள்

இத்தொடரை ஆடுவோரிடையே 'எஸ்ட்' என்பது ஒரு வகைப் பெயராகவே வழங்குகிறது. 1990ஆம் ஆண்டின் முதல் விளையாட்டில் மூன்று சகோதரிகளுள் இளையவளின் பெயர் அது. கதை பெரிதும் நகர்ந்த பிறகு, மற்ற வீரர்கள் பல நிலைகள் உயர்ந்த பிறகு, அவள் தாழ்ந்த நிலையில் வந்து சேர்கிறாள். அவளிடம் குறையிருப்பதால் அவள் பின்தங்கவில்லை. வந்து சேர்ந்த காலம் பிந்தியது, அவ்வளவே.

அமீரகத்துத் தமிழ்ப் பிள்ளைகளுள் எஸ்ட் எத்தனை பேர்! தந்தைக்குக் குடும்ப விசா கிடைத்தபின், ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ தமிழ்நாட்டிலிருந்து வந்து சேரும் பிள்ளைக்கு அரபு எழுத்தே புதிது. உடன் படிப்பவர்கள் முதல் வகுப்பிலிருந்தே அதைக் கற்றவர்கள். இங்குள்ள தனியார் பள்ளிகளிலும் அரபு கட்டாயப் பாடம். முதல் தேர்வில் அப்பிள்ளை பெறும் மதிப்பெண் அதன் அறிவை அளப்பதில்லை; வந்து சேர்ந்த தேதியையே அளக்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை பன்னிரண்டாம் வயதில் வார இறுதித் தமிழ் வகுப்பில் முதன்முறை அமர்கிறது. எதிரே 247 எழுத்துகள். பக்கத்தில் ஏழு வயதுச் சிறுமி சரளமாகப் படிக்கிறாள். பெரிய பிள்ளைக்குக் கூச்சம். இரண்டு வாரங்களில் வகுப்பை விட்டு நின்றுவிடுகிறது. "அவனுக்குத் தமிழ் வராது" என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. 'இன்னும் வரவில்லை' என்பதற்கும் 'வராது' என்பதற்கும் இடையே உள்ள தொலைவை அந்தத் தீர்ப்பு மறைத்துவிடுகிறது.

வலிமை மிக்க மூத்தவரால் வரும் தீங்கு

அதே 'அவேக்கனிங்' விளையாட்டில் ஃபிரெடரிக் என்றொரு மூத்த வீரர் தொடக்கத்திலேயே இருக்கிறார். மற்றவர்கள் தடுமாறும் முதற்போர்களில் அவர் ஒரே அடியில் பகைவனை வீழ்த்துவார். புதிதாக ஆடுபவர் செய்யும் பெரும்பிழை, எல்லாப் பகைவரையும் அவரைக் கொண்டே முடிப்பதுதான். போர் விரைவில் முடிந்துவிடும், வெற்றியும் கிட்டும். ஆனால் பகைவனை வீழ்த்தியவருக்கே பட்டறிவுப் புள்ளிகளில் பெரும்பங்கு சேரும். ஏற்கெனவே உயர்ந்த தகுதியில் இருக்கும் ஃபிரெடரிக்கிற்கு அது சொற்பமாகவே கிடைக்கும். இளையவர்களுக்கோ ஒன்றும் கிட்டாது. பத்துப் போர்கள் கடந்து பகைவர் வலுக்கும்போது, ஒருவரை மட்டுமே நம்பிய படை திணறும்.

பிள்ளையின் அறிவியல் மாதிரியைத் தாமே செய்து முடிக்கும் தந்தையும், பேச்சுப் போட்டிக்கான உரையைத் தாமே எழுதி மனப்பாடம் செய்விக்கும் தாயும் இந்த ஃபிரெடரிக்குகளே. அன்புதான் காரணம், நேரமின்மையும் காரணம். துபாயிலிருந்து அஜ்மானுக்கு மாலை நெரிசலில் ஊர்ந்து வந்து சேர்பவருக்குப் பிள்ளையின் தடுமாற்றத்தைப் பொறுத்திருந்து காண ஏது வலு? தாமே செய்தால் பத்து நிமிடம். பிள்ளை செய்தால் ஒன்றரை மணி நேரம். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் பட்டறிவுப் புள்ளிகள் இருக்கின்றன.

தேர்ந்த ஆட்டக்காரர் ஃபிரெடரிக்கை ஒதுக்குவதில்லை. அவருக்கு வலுக்குறைந்த ஆயுதத்தைக் கொடுத்து முன்னே நிறுத்துகிறார். அவர் அடியைத் தாங்குகிறார், பகைவனைத் தளர்த்துகிறார், கடைசி அடியை இளையவனுக்கு விட்டுவிடுகிறார். இருவரை ஒரே கட்டத்தில் இணைத்து நிறுத்தும் முறையும் இதில் உண்டு. வலியவர் பின்னே நிற்க, முன்னே நிற்கும் எளியவனின் ஆற்றல்கள் கூடுகின்றன. சில வேளைகளில் அவன் மீது விழவிருந்த அடியையும் பின்னவர் தடுக்கிறார். போரிடுபவன் எளியவனே. பின்னே நிற்பவரின் பெருமை அந்த அளவோடு நிற்பதில்தான் இருக்கிறது.

அக்கா தம்பியின் பின்னே அமர்ந்து, அவன் எழுத்துக்கூட்டிப் படிக்கையில் திணறும் சொல்லை மட்டும் எடுத்துக் கொடுப்பது இதே முறைதான். முழுப் பத்தியையும் அவளே படித்துக் காட்டிவிட்டால் தம்பி கேட்பவனாகவே நின்றுவிடுவான்.

வெறும் நிலை உயர்வுகள்

வளர்ச்சி நேர்கோட்டில் வருவதில்லை என்பதையும் இவ்விளையாட்டு கற்பிக்கிறது. கூடும் வாய்ப்பு 50 விழுக்காடாக உள்ள ஓர் ஆற்றல், தொடர்ந்து மூன்று நிலைகளில் சற்றும் கூடாமலிருக்க எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. 70 விழுக்காடாக இருப்பினும் ஏறத்தாழ முப்பத்தேழில் ஒரு முறை அவ்வாறு நேரலாம். மூன்று முறை ஏமாற்றமடைந்து வீரனை மூலையில் நிறுத்துபவர், நான்காவது உயர்வைக் காண்பதேயில்லை.

மூன்று மாதம் தனிப்பயிற்சிக்கு அனுப்பியும் கணக்கில் மதிப்பெண் கூடவில்லை என்று சலித்துக்கொள்வோர் இந்தக் கணக்கைச் சிந்திக்க வேண்டும். மூன்று தேர்வுகள் ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு.

பொறுமையோடு இன்னொன்றும் வேண்டும்: தக்க நேரத்தில் பாதையை மாற்றும் துணிவு. டானல் கிராமத்தானாகவே இருந்தால் ஓர் எல்லைக்கு மேல் உயர வழியில்லை. நேரடிப் பதவி உயர்வு அவனுக்குக் கிடையாது. பத்தாம் நிலையை அடைந்தபின் வேறு வகுப்புக்கு மாற்றினால்தான் வாளோ கோடரியோ ஏந்தும் வீரனாவான். பொறியியல், மருத்துவம் என்ற இரண்டே கதவுகளைக் காட்டும் நம் சமூகம் இதையும் எண்ணிப் பார்க்கலாம். பிள்ளை வளராமல் நிற்பதற்குக் காரணம் பிள்ளையாக இல்லாமல், நாம் நிறுத்திய இடமாகவும் இருக்கலாம்.

2019இல் வந்த 'த்ரீ ஹவுசஸ்' என்னும் பகுதியில் ஆடுபவரே ஓர் ஆசிரியர். வாரந்தோறும் மாணவர்களுக்குப் பயிற்சி தருகிறார். மாணவர் சிலரிடம் 'அரும்பும் திறமை' ஒன்று மறைந்திருக்கும். தொடர்ந்து பயிற்சி அளித்தால் ஒரு நாள் அது மலர்ந்து புதிய ஆற்றலைத் தரும். எளிதில் கைவரும் துறையில் மட்டுமே பயிற்சி தந்த ஆசிரியர் அதைக் காணாமலே ஆட்டத்தை முடித்திருப்பார்.

ஒப்புமையின் எல்லை

விளையாட்டைக் கொண்டு வாழ்க்கையை முழுமையாக அளந்துவிட முடியாது. அங்கே வளர்ச்சி வாய்ப்புகளின் பட்டியலை ஆர்வலர்கள் தொகுத்து வைத்திருக்கின்றனர். யாரை வளர்த்தால் பயன் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு அப்படியொரு பட்டியல் இல்லை. ஆகவே எந்தப் பிள்ளையையும் 'வளராதது' என்று ஒதுக்க எவருக்கும் உரிமையில்லை. அங்கே சேமித்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம். இங்கே கடந்த ஆண்டு கடந்ததுதான். அங்கே ஒருவனுக்குத் தரும் வாய்ப்பு இன்னொருவனிடமிருந்து எடுக்கப்படுவது. பின்தங்கிய பிள்ளைக்காகப் பொழுதெல்லாம் செலவிடும் வீட்டில், நன்றாகப் படிக்கும் பிள்ளை கவனிப்பாரின்றி வாடுவதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, படைக்குப் பயன்படுவான் என்பதற்காகவே வீரன் வளர்க்கப்படுகிறான். பிள்ளை அப்படியன்று. அது முதலிடம் பெறாவிட்டாலும் நம் பிள்ளையே.

திரை நேரத்துக்குக் கட்டுப்பாடும் தேவை. 'அவேக்கனிங்' ஐரோப்பியத் தர முறைப்படி 12 வயதுக்கு மேற்பட்டோருக்கானது. உறக்கத்தையும் கண்களையும் விலையாகக் கொடுத்துக் கற்கும் பாடம் எதுவும் நமக்கு வேண்டாம்.

செய்யத்தக்கவை

பெற்றோர் செய்யக் கூடியது எளிது. இந்த வாரம் ஒரு மணி நேரம் பிள்ளையின் அருகில் அமர்ந்து, "இவர்களுள் யாரை நீ வளர்த்தாய்? ஏன்?" என்று தமிழில் கேளுங்கள். பிள்ளை தமிழிலேயே விளக்க முயலட்டும். சொல் கிடைக்காத இடத்தில் மட்டும் எடுத்துக் கொடுங்கள். உத்தி, பொறுமை, இழப்பு, நம்பிக்கை ஆகியவற்றைப் பற்றிப் பேசத் தேவையான சொற்கள் அந்த உரையாடலிலேயே பிறக்கும். அதன்பின் மதிப்பெண் பட்டியல் வரும்போது, சென்ற ஆண்டின் இதே பிள்ளையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

இளையோருக்கும் ஒரு சொல். பானை கவிழ்த்த ஒரு சிறுவனுக்காகப் பல மணி நேரம் பொறுமை காத்தவர்கள் நீங்கள். உங்கள் வகுப்பில் ஊரிலிருந்து புதிதாக வந்து, அரபு எழுத்தைக் கண்டு மிரண்டு அமர்ந்திருக்கும் மாணவனுக்கு அதில் பாதிப் பொறுமை போதும். தமிழ் எழுத்தைக் கண்டு நீங்களே மிரண்டால், அந்தப் பொறுமையை உங்களுக்கு நீங்களே தாருங்கள். முதல் நிலையில் தொடங்குவது இழிவன்று என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?