கைராசி இல்லையா? விதையைப் பாருங்கள்!

எங்கள் பக்கத்து வீட்டு மருமகளுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். இன்னும் குழந்தை இல்லை. போன சித்திரையில் ஆசையாக ஒரு பாக்கெட் கொத்தமல்லி விதை வாங்கி, மொட்டை மாடித் தொட்டியில் போட்டாள். பத்து நாளாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. மாமியார் போட்ட தண்டுக்கீரையோ நாலாம் நாளே தலைகாட்டிவிட்டது. குழாயடியில் பத்துப் பேர் முன்னால் அந்த அம்மா, "அவ கை வச்சா எதுதான் முளைக்கும்?" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் குடத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. ஏனென்றால், நான் புதுசாக வாழ்க்கைப்பட்டு வந்தபோது, "உனக்குக் கைராசி கிடையாது, விதையை இங்க குடு" என்று என்னிடமிருந்தும் பிடுங்கியிருக்கிறார்கள். பல வருஷம் நான் விதையையே தொட்டதில்லை.

சகோதரிகளே, கொத்தமல்லி முளைக்காததற்கும் கைக்கும் சம்பந்தமே இல்லை. நாம் ஒரு விதை என்று நினைக்கும் மல்லி, உண்மையில் ஒரு காய். அதற்குள் இரண்டு விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. துணியில் பரப்பி சப்பாத்திக் குழவியால் லேசாக உருட்டினால் இரண்டாகப் பிரியும். பிறகு 12 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் போட்டு, ஈரச் சாக்கால் மூடி வைக்கவேண்டும். முளை தெரிந்ததும் சாக்கை எடுத்துவிடலாம். அப்படியும் முளைக்க 8 முதல் 15 நாள் ஆகும். கீரையோடு ஒப்பிடுவதே தப்பு! சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் போட்டால் முளைப்பது கஷ்டம். ஆனி, ஆடியும் ஐப்பசி, கார்த்திகையும்தான் இதற்கு ஏற்ற காலம்.

கேரட், சோம்பு, சீரகம், ஓமம் எல்லாம் கொத்தமல்லியின் சொந்தக்காரர்கள்தான். இந்தக் குடும்பத்தில் பல விதைகள் மெதுவாகத்தான் முளைக்கும், சீக்கிரமே பழசாகியும் போகும். அரசாங்கத் தரக்கணக்கிலேயே நெல் விதை நூற்றுக்கு 80 முளைக்கவேண்டும் என்றால், கேரட்டுக்கு 60 போதும்.

இங்கிலாந்தில் பார்ஸ்லி என்று ஒரு கீரை. பார்க்க நம் கொத்தமல்லி மாதிரியே இருக்கும், அதே குடும்பம். முளைக்க மூன்று, நான்கு வாரம்கூட ஆகும். அதனால் அந்த விதை ஒன்பது தடவை சாத்தானிடம் போய்விட்டுத்தான் முளைக்கும் என்று அந்தக் காலத்தில் சொல்வார்களாம். மனைவி கை ஓங்கிய வீட்டில்தான் அது நன்றாக வளரும் என்றும் ஒரு பேச்சு. பாருங்கள், எந்த ஊரானாலும் கீரை முளைப்பதற்கும் வீட்டுப் பெண்ணுக்கும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள்!

விதை வாங்கும்போது பாக்கெட்டில் பரிசோதனை செய்த தேதியும், முளைப்புத்திறன் சதவீதமும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கடைக்காரரிடம் தைரியமாகக் கேளுங்கள். கேள்வி கேட்கவேண்டியது அவரைத்தான், வீட்டு மருமகளை அல்ல.

ஐப்பசியில் நானே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, புது மல்லி கொடுத்து, பக்குவம் சொல்லிப் போடச் சொன்னேன். பதினோராம் நாள், "அக்கா, வந்திடுச்சு!" என்று மாடியிலிருந்து கத்தினாள். கார்த்திகையில் அவள் மாமியாரே கிள்ளி ரசத்தில் போட்டார். அன்று பத்துப் பேர் முன்னால் பேசியவர், இன்று ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை.

போகட்டும். அந்த மல்லி முளைக்காமலே போயிருந்தாலும் அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. மண்ணில் போட்ட விதையை வைத்து ஒரு பெண்ணின் வயிற்றைக் குத்திக் காட்டும் பேச்சை, பெண்களாகிய நாமே முதலில் நிறுத்தவேண்டும். என்ன, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, திண்டுக்கல்.