மேலணை கேட்கும் கணக்கு

ஆடிப் பதினெட்டன்று திருவரங்கத்து அம்மாமண்டபத் துறையில் காவிரித்தாய்க்குக் காதோலை கருகமணி இடுகிறார்கள். இடட்டும், பூ விற்கும் ஏழைக்கும் அன்று நாலு காசு! ஆனால், அந்தத் தாயைத் தஞ்சைக்கு அனுப்பி வைத்தது எது என்று கேட்கிறோம்.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. நடுவே திருவரங்கத் தீவு. கொள்ளிடம் பள்ளம், காவிரி மேடு. நீர் பள்ளத்தை நாடிற்று. தஞ்சை வயல்கள் தவித்தன. அரங்கன் பள்ளிகொண்டபடியே இருந்தான். எழுந்தது அணை! 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார். வெள்ளையன் வாஞ்சையால் கட்டவில்லை, வரிக்காகக் கட்டினான் என்பதை அறிவோம். எனினும் பொதுப்பணியில் இட்ட அந்த முதல் நெல்லாயிற்று, கூலியாயிற்று, சந்தையாயிற்று.

அதனைச் "செலவு" என்று எழுதும் கனவான்களே! 2018 ஆகஸ்ட் 22 இரவு, அந்த மேலணையின் 45 மதகுகளுள் 9 சரிந்தனவே, நினைவிருக்கிறதா? முதுமை என்றது அன்றைய ஆட்சி. முதுமை ஓரிரவில் வந்த விருந்தாளியா? புதிய கதவணைக்கு ஒதுக்கியது ஏறத்தாழ 387 கோடி ரூபாய்! புது அணைக்குக் கல்வெட்டு உண்டு, திறப்பு விழா உண்டு. பழைய மதகின் துருவைச் சுரண்டுபவனுக்கு மாலையிடுவார் யார்?

திருச்சித் தோழர்களே, வரவு செலவுத் திட்டம் வரும்போது, புதிதாய்க் கட்டுவது எத்தனை என்பதோடு நில்லாதீர். கட்டியதைக் காக்க எவ்வளவு என்று கேளுங்கள்.