ஆன் வேறு... ஆஃப் வேறு!

டிவி, செட்டாப் பாக்ஸ், ஏவி ரிசீவர் எல்லாவற்றுக்கும் ஒரே யுனிவர்சல் ரிமோட். "ஒரு பட்டனை அமுக்கினா போதும் தாத்தா" என்று செட் பண்ணிக் கொடுத்துவிட்டுப் பேரன் ஊருக்குப் போய்விடுவான். மறுநாள் தாத்தா அமுக்கினால் ரிசீவர் ஆன் ஆகும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த டிவி அணைந்துபோகும். மறுபடி அமுக்கினால் தலைகீழ். பழியோ தாத்தா மேல்!

கோளாறு பவர் பட்டனில் இருக்கிறது. பெரும்பாலும் அது ஒரே சிக்னலைத்தான் அனுப்பும்: ஓடினால் நிறுத்து, நின்றிருந்தால் ஓடு. டிவி எந்த நிலையில் இருக்கிறது என்பது சாதாரண ரிமோட்டுக்குத் தெரியாது. அகச்சிவப்பு சிக்னல் ஒருவழிப்பாதை.

இதற்குத்தான் 'டிஸ்கிரீட் கோட்'. ஆனுக்கு ஒன்று, ஆஃபுக்கு வேறொன்று. ஓடுகிற டிவிக்கு 'ஆன்' கோட் போனால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். எச்டிஎம்ஐ 1, 2 என்று இன்புட்களுக்கும் தனித்தனி கோட் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், பல கருவிகளில் இந்த கோட்கள் இருந்தும் கூடவே வரும் ரிமோட்டில் அதற்கான பட்டன் இருக்காது. இல்லாத பட்டனை யுனிவர்சல் ரிமோட் எப்படிக் கற்றுக்கொள்ளும்? மாடல் நம்பரைக் கொண்டு, தயாரிப்பாளரின் ஐஆர் கோட் பட்டியலைத் தேடிப் பதிய வேண்டும்.

மேக்ரோ அமைக்கும்போது ஆன் கோடுக்கும் இன்புட் கோடுக்கும் நடுவே சில விநாடி இடைவெளி விடுங்கள். பாதித் தூக்கத்தில் இருக்கும் டிவி எந்தக் கட்டளையையும் காதில் வாங்காது.